ட்விஸ்ட் இருந்தால் போதுமா? த்ரில்லர் எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் நண்பர் ஒருவர் தான் எழுதிய த்ரில்லர் கதையை அனுப்பினார், நாற்பது பக்கம். ஒரு கொலை, ஆறு பேர் மேல் சந்தேகம், கடைசிப் பக்கத்தில் செத்தவருடைய இரட்டைச் சகோதரன் வந்து நிற்கிறான். "எப்படி, கண்டுபிடிக்கவே முடியலல்ல?" என்று போன் போட்டுக் கேட்டார். முடியவில்லைதான். அப்படி ஒருத்தன் பிறந்திருக்கிறான் என்பதற்கே 39 பக்கத்தில் ஒரு வரி இல்லாதபோது யாரால் முடியும்? அதைவிடப் பெரிய சிக்கல், பதினைந்தாம் பக்கம் தாண்டியதும் யார் கொன்றால் எனக்கென்ன என்று ஆகிவிட்டது.

இந்த வகைக் கதையை எழுத வருகிறவர்கள் பலரும் செய்கிற முதல் தவறு இதுதான்: எதையும் சொல்லாமல் மூடி வைத்தால் அதற்குப் பெயர் சஸ்பென்ஸ் என்று நினைத்துக்கொள்வது. சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் இதற்கு ஒரு உதாரணம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் இருந்த குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்னாடியே பார்வையாளருக்குக் காட்டிவிட்டு அதே பேச்சைப் பேசவிட்டால் பதினைந்து நிமிடம் அவர் துடிப்பார்.

நம் வீட்டுக்குள்ளேயே இதைச் செய்து பார்க்கலாம். சிலிண்டர் டியூபில் லேசான வெடிப்பு. சமையலறைக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே கேஸ் நிறைந்துகொண்டிருப்பது வாசகருக்குத் தெரியும். சரோஜா அக்கா வெளியிலிருந்து வருகிறார், ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது. கரண்ட் இல்லை. சாமி அலமாரியில் தீப்பெட்டியைத் தேடுகிறார், கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சீட்டுப் பணத்தைப் பற்றி ஆரம்பிக்கிறார், அக்காவும் தீப்பெட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே பதில் சொல்கிறார், "போன மாசமே குடுத்துட்டேனே" என்கிறார், நோட்டைப் பார்க்கலாம் என்கிறார் அவர். உலகத்திலேயே சப்பென்ற பேச்சு அது. ஆனால் வாசகர் ஒரு வார்த்தை விடாமல் படிப்பார், 'பேசு, இன்னும் பேசு' என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சுவார். சமையலறையில் லைட் சுவிட்ச் போட்டபடியே கிடக்கிறது, ஃபிரிட்ஜும் அங்கேதான், கரண்ட் எந்த நிமிடமும் திரும்பலாம் என்று நடுவில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

2015-ல் வந்த 'பாபநாசம்' படத்தில் (2013-ல் வந்த மலையாள 'த்ரிஷ்யம்' படத்தின் தமிழ் வடிவம்) யார் செத்தார், யார் கையால், எதனால், எல்லாம் நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. குடும்பத்தைக் காப்பாற்ற நாயகன் சுயம்புலிங்கம் சொல்வது பொய் என்பதும் நமக்குத் தெரியும். அப்புறம் ஏன் அவருடைய சின்னப் பெண்ணை போலீஸ் விசாரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்? தெரிந்ததனால்தான். படம் நம்மிடமிருந்து கடைசி வரை மறைப்பது ஒரே ஒரு விஷயம், உடல் எங்கே போனது என்பது. மற்றதெல்லாம் கொடுத்துவிட்டதால் அந்த ஒன்றுக்கு அவ்வளவு கனம் வந்தது.

சரி, மறைக்கவே கூடாதா என்றால், தாராளமாக மறைக்கலாம், வாசகரை ஏமாற்றக் கூடாது, அவ்வளவுதான். 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் (அவரே துப்பறியும் கதை எழுதியவர்) இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் போட்டார். முன்கூட்டியே வாசகரைத் தயார்செய்யாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது அதில் ஒன்று. கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது, நண்பருக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. நம் எழுத்தாளர்களிடம் நான் பார்க்கிற இன்னொரு குறுக்குவழி, கொலைகாரனுடைய மனதுக்குள் போய், 'ஐயோ, யார் இதைச் செய்திருப்பார்கள்' என்று அவனையே நினைக்க வைப்பது. அது பச்சைப் பொய். அவன் வாயால் என்ன வேண்டுமானாலும் பொய் சொல்லட்டும், மனதுக்குள் போனால் உண்மைதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே போகாதீர்கள். முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கும் வாசகர், 'அட, இங்கேயே சொல்லியிருக்கிறாரே' என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் விவரப் பிழைகள். குளோரோஃபார்ம் நனைத்த கர்ச்சீஃபை மூக்கில் வைத்ததும் ஆள் மயங்கி விழுவது கதையில் மட்டும்தான் நடக்கும், நிஜத்தில் விடாமல் சில நிமிடங்களாவது சுவாசிக்க வைக்க வேண்டும், அதுவரை அவர் சும்மா இருப்பாரா? சைலன்சர் மாட்டிய துப்பாக்கி 'புஸ்' என்று சுடாது, சத்தம் குறையுமே தவிர நன்றாகவே கேட்கும். டிஎன்ஏ ரிசல்ட் காபி குடித்து முடிப்பதற்குள் வராது. சம்பவம் 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடப்பதாக வைத்திருந்தால் எஃப்ஐஆரில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஐப் போடாதீர்கள், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103-ஆம் பிரிவு. இதெல்லாம் பெரிய விஷயமா என்றால், இந்த வகைக் கதைக்கு வருகிறவர் துப்பு தேடும் கண்ணோடு வருகிறார். அவருக்கு உங்கள் தவறுகூடத் தடயமாகத்தான் தெரியும், 302-ஐப் பிடித்துக்கொண்டு கதை பழைய காலத்தில் நடக்கிறதோ என்று கிளம்பிவிடுவார்.

வேகம் பற்றிய குழப்பம் தனி. வரிக்கு ஒரு துரத்தல், அத்தியாயத்துக்கு ஒரு பிணம், பின்னணியில் வயலின் கதறல் என்று போனால் மூன்றாவது பிணத்துக்கு நாம் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். பயப்படுவதற்கு முதலில் அந்த ஆளைக் கொஞ்சம் பிடித்திருக்க வேண்டும், அதற்கு அவர் டீ குடிக்க வேண்டும், கடன் வாங்க வேண்டும், யாரிடமாவது அசடு வழிய வேண்டும். பத்திரிகைத் தொடர் காலத்திலிருந்து வருகிற 'தொடரும்' வியாதியும் இதோடு சேர்ந்ததுதான். கதவு மெல்லத் திறந்தது, அவள் அலறினாள், தொடரும். அடுத்த வாரம் பார்த்தால் பூனை. ஒரு தடவை மன்னிக்கலாம்.

படிக்கிறவர்கள், பார்க்கிறவர்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு, முடிவு தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைப்பது. 2011-ல் சான் டியகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் சிறுகதைகளின் முடிவை முன்னாடியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். மர்மக் கதைகள் உட்பட, முடிவு தெரிந்து படித்தவர்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். அதற்காக வாட்ஸ்அப்பில் கிளைமாக்ஸை அனுப்புகிறவர்களை நான் மன்னித்துவிட்டதாக அர்த்தம் இல்லை. ஆனால் 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தை எனக்கு முடிவு தெரிந்த பிறகுதான் பார்த்தேன். பாட்டே இல்லாத படம், சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார், அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். கொலையாளி யார் என்று தெரிந்திருந்ததால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது பொய் சொல்லும்போது அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதிலேயே படம் போய்விட்டது, முடிவு தெரியாமல் பார்த்திருந்தால் அதைத் தவறவிட்டிருப்பேன்.

நண்பரிடம் இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன், குறித்துக்கொண்டார். போன வாரம் திருத்தி அனுப்பியிருக்கிறார். குளோரோஃபார்ம் கர்ச்சீஃப் போய்விட்டது, 302 இருந்த இடத்தில் 103 வந்துவிட்டது. இரட்டைச் சகோதரன் மட்டும் அப்படியே இருக்கிறான், ஆனால் இப்போது இரண்டாம் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து டீ கேட்கிறான்.