ஆயா வீட்டு லிமோஜ் தட்டுகளைக் கழுவும் முறை

எங்கள் ஆயாவின் (பாட்டியின்) அப்பச்சி, அதாவது அப்பா, வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர். அவர் வாங்கிவந்த, பிரான்சின் லிமோஜ் ஊரில் செய்த 18 பீங்கான் தட்டுகள் காரைக்குடி வீட்டு மரப்பெட்டியிலிருந்து இப்போது மதுரை சிம்மக்கல்லில் என்னிடம் இருக்கின்றன. விளிம்பில் தங்கக் கோடு, நடுவில் ரோஜாக்கொத்து. 17 தட்டுகளில்தான் தங்கம் மிச்சம். ஒன்றைப் பொங்கலுக்கு முன்னால் பித்தளையோடு சேர்த்துச் சாம்பல் போட்டு விளக்கிவிட்டார்கள். சொல்லி வைக்காதது என் தப்பு. இன்றும் அந்த மொட்டை விளிம்பைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

தட்டு ஏறக்குறைய 1,400 டிகிரியில் வேகிறது. தங்கத்தை அதற்கப்புறம்தான் மேலே தீட்டி, 800 டிகிரி வாக்கில் மறுபடி சுடுகிறார்கள். அதனால் கண்ணாடிப் பூச்சு தங்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. அதைக் காக்க மேலே ஒன்றுமில்லை. தேங்காய் நார், கம்பிச் சுருள், சாம்பல், சோப்புத்தூள் எதுவும் கிட்டே வரக்கூடாது.

முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டை மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் திரவ சோப்பு சில சொட்டு விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான். விரல் நுனியாலோ மல் துணியாலோ கழுவினால் போதும். போர்த் தண்ணீர் உப்புக்கறை விடும், ஆகவே உடனே ஒற்றி எடுங்கள். தங்க விளிம்பைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தங்கம் இருப்பதால் மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பின்னால் வைத்த விரல்களின் நிழல் தெரிந்தால் நல்ல பீங்கான். எனாமலில் தெரியாது. அடியில் பெரும்பாலும் இரண்டு முத்திரை இருக்கும்: பூச்சுக்கு அடியில் பச்சையில் ஆலையுடையது, மேலே சிவப்பிலோ வேறு நிறத்திலோ பூவேலை செய்த இடத்துடையது.

லிமோஜ் பக்கத்தில் பீங்கானுக்கான வெள்ளைக் களிமண் கிடைத்தது 1768இல். அதற்கு முன்பே பதினைந்தாம் லூயி மன்னர், செவ்ர ஆலையின் பீங்கானை ஆண்டுக் கடைசியில் வெர்சாய் அரண்மனையில் பரப்பி வைத்துப் பிரபுக்களுக்கு விற்றார். எங்கள் செட்டிநாட்டுக் கல்யாணங்களில் சீர்ச் சாமானைப் பரப்பி வைக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான்.

பரிமாற அதிரசம், சீப்புச்சீடை மாதிரி உலர்ந்த பலகாரம் நல்லது. கீறல் விழுந்த பூச்சில் மஞ்சள் இறங்கினால் போகாது, ஆகவே குழம்பு வேண்டாம். அடுக்கும்போது தட்டுக்குத் தட்டு பழைய வேட்டித் துண்டு வையுங்கள். எட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.