ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

ஆண்டு, வென்றவர், கட்சி என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பிவிட்டால் தொகுதி வரலாறு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தப் பட்டியலில் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் வரலாறு தவறாகிவிடும். பெயர் அப்படியே இருப்பதால் தொகுதியும் அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். எனவே வென்றவர்களைத் தேடுவதற்கு முன்பு எல்லையைத் தேடுங்கள்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 1957, 1962, 1967, 1977, 2009 ஆகிய தேர்தல்களுக்கு முன்னால் ஒவ்வொரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1957-க்கு முன் மாநில எல்லை மாறியது. 1962-க்கு முன் இரட்டை உறுப்பினர் தொகுதிகள், அதாவது ஒரே தொகுதியிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுத்த தொகுதிகள், ஒழிந்தன. 1967-இல் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆயின. 1977, 2009 இரண்டும் தொகுதி மறுசீரமைப்புக்கு (எல்லைகளைத் திருத்தி வரைவதற்கு)ப் பின் நடந்த முதல் மக்களவைத் தேர்தல்கள். ஒவ்வொரு கோட்டுக்குக் கீழும் அந்தக் காலத்தில் உள்ளடங்கிய சட்டமன்றத் தொகுதிகளின் பெயர்களை எழுதுங்கள். இன்றைய கணக்கில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு. மறுசீரமைப்பு ஆணைகள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன.

கன்னியாகுமரியை எடுத்துக்கொண்டால் எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் கிடைக்கும். 2009-க்கு முன்பு இருந்தது நாகர்கோவில் மக்களவைத் தொகுதி. அப்போது கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அதற்குள் இல்லை. திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. 2008 மறுசீரமைப்பில் திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி நீங்கியது, கன்னியாகுமரி உள்ளே வந்தது. ஆகவே 2004-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் வாங்கிய வாக்கையும் 2009-இல் திமுகவின் ஹெலன் டேவிட்சன் வாங்கிய வாக்கையும் அடுத்தடுத்து வைத்து ‘கூடியது, குறைந்தது’ என்று சொல்லக்கூடாது. பின்னோக்கிப் போனால் இன்னொரு திருப்பம். முதல் பொதுத் தேர்தலில் இந்தத் தொகுதியைச் சென்னை மாநிலப் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கத்தைப் புரட்ட வேண்டும்; அங்கே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில் நேசமணி வென்றிருப்பார். அதே நேசமணி 1962-லும் 1967-லும் இந்திய தேசிய காங்கிரஸ் வேட்பாளர். ஆணையத்தின் கோப்புகளில் அந்த முதல் தேர்தல் ‘1951’ என்ற தலைப்பில் இருக்கும், 1952 என்று தேடி ஏமாறாதீர்கள்.

பெயர் மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. சிவகாசி போய் விருதுநகர் வந்தது, பெரியகுளம் போய் தேனி வந்தது. புதுக்கோட்டை அடியோடு மறைந்தது. பெயர் மாறாத இடத்திலும் தகுதி மாறியிருக்கும்: 2009 முதல் நீலகிரி தனித் தொகுதி, பெரம்பலூர் பொதுத் தொகுதி. பெரம்பலூரில் வென்றுகொண்டிருந்த ஆ. ராசா நீலகிரிக்குப் போனதன் பின்னணி இதுதான். ‘பொது / தனி’ என்று ஒரு கட்டம் இல்லாத பட்டியலில் இது தெரியவே தெரியாது.

அடுத்து இடைத்தேர்தல். பொதுத் தேர்தல் புள்ளிவிவர அறிக்கையில் இவை இருக்காது, தனியாகத்தான் தேட வேண்டும். நாகர்கோவிலில் நேசமணி 1968-இல் மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் வென்றவர் காமராஜர். கன்னியாகுமரியில் வசந்தகுமார் 2020-இல் மறைந்தபின் 2021-இல் விஜய் வசந்த். திண்டுக்கல்லின் 1973 இடைத்தேர்தலை விட்டுவிட்டால் அதிமுகவின் முதல் வெற்றியே, அதாவது மாயத்தேவரின் வெற்றியே, காணாமல் போகும். தள்ளிப்போன தேர்தலையும் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது: 2019 ஏப்ரலில் ரத்தான வேலூர் தேர்தல் ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. அது பொதுத் தேர்தலின் பகுதிதான், இடைத்தேர்தல் அல்ல.

கட்சி என்ற கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்: ஆணையப் பதிவில் உள்ள கட்சி, வேட்பாளரின் உண்மையான கட்சி. 1957-இல் திமுக அங்கீகாரம் பெறாத கட்சி. நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத்தும் திருவண்ணாமலையில் வென்ற தர்மலிங்கமும் பதிவில் சுயேச்சைகள். 2019-இல் விழுப்புரத்தில் வென்ற விடுதலைச் சிறுத்தைகளின் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றதால் பதிவில் திமுக. 2024-இல் பானைச் சின்னத்தில் நின்றபோது தன் கட்சிப் பெயரிலேயே வருகிறார். காங்கிரஸ் என்ற ஒற்றைச் சொல்லையும் அப்படியே விடாதீர்கள். 1971-இல் நாகர்கோவிலில் வென்ற காமராஜர் ஸ்தாபன காங்கிரஸ், அதாவது கட்சி பிளந்தபின் இந்திராவுக்கு எதிராக நின்ற அணி. 1996, 1998-இல் அதே தொகுதியில் வென்ற டென்னிஸ் தமிழ் மாநில காங்கிரஸ், அதற்கு முன்பு அவரே இந்திரா காங்கிரஸ்.

பெயர்களில் தலைப்பெழுத்தோடு சின்னத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. 2024 ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் சிலரும் நின்றார்கள். சின்னம் இல்லாமல் யார் யாரென்று பிரிப்பது தலைவலி.

இனி கணக்கு. மொத்த வாக்காளர், பதிவான வாக்கு, செல்லாதவை, நோட்டா, முதல் இருவரின் வாக்கு, வித்தியாசம் ஆகியவை போதும். சதவீதத்துக்கு எதை அடித்தளமாக எடுத்தீர்கள் என்பதை ஒரு வரியில் குறித்துவிடுங்கள். 2014 முதல் நோட்டாவைச் சேர்த்து வகுத்தால் ஒரு விடை, விட்டு வகுத்தால் வேறு விடை. டெபாசிட் கணக்குக்கு மட்டும் நோட்டாவைச் சேர்க்கக்கூடாது; செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் பணம் திரும்பும். 1952, 1957 இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஒருவருக்கு இரண்டு வாக்கு. அங்கே வாக்குகளின் கூட்டுத்தொகையை வாக்காளர் எண்ணிக்கையால் நேராக வகுத்தால் வாக்குப்பதிவு நம்ப முடியாத அளவுக்கு ஏறும். 1989-இல் வாக்காளர் எண்ணிக்கை திடீரென்று எகிறுவது தட்டச்சுப் பிழை அல்ல. வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது.

எந்தச் சட்டமன்றத் தொகுதி யாருக்கு முன்னிலை தந்தது என்று பார்க்கப் படிவம் 20 வேண்டும். அதில் வாக்குச்சாவடி வாரியாக எண்கள் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேடுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தல் நடத்தும் வேறு அமைப்பு, அங்கே இது கிடைக்காது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் எண்களைக் கூட்டிப் பார்க்கும்போது அறிவிக்கப்பட்ட மொத்தத்தைவிடக் கொஞ்சம் குறையும். பதறி எண்களைத் திருத்த வேண்டாம். தபால் வாக்குகள் சட்டமன்றத் தொகுதி வாரியாக எண்ணப்படுவதில்லை. தனி வரியாக இருக்கும் அதையும் சேர்த்தபின் இடிக்கிறது என்றால்தான் தட்டச்சைச் சரிபார்க்க வேண்டும்.