அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோட்டத்து வீட்டிலிருந்து தவணைப் படிப்பைத் தொடர்வது எப்படி

அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் தேதி குறித்துக் கொடுத்த அன்றே மாணவர் செய்யவேண்டிய முதல் வேலை, கல்விக்கழகத்தின் தவணை (செமஸ்டர்) நாள்காட்டியை எடுத்து அந்தத் தேதியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். நம் மலேசிய நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு தவணை பெரும்பாலும் 14 வார விரிவுரைகள், இடையில் ஒரு வார விடுமுறை, பிறகு மீள்பார்வை வாரம், கடைசியில் இறுதித் தேர்வு என்றே அமைந்திருக்கும். மூன்றாவது வாரத்தில் சிகிச்சை என்றால் விடுபடும் பாடம் அதிகம். ஆனால் ஒரு பாடத்தைக் கைவிடவோ தவணையையே ஒத்திவைக்கவோ வழி இன்னும் திறந்திருக்கும். பதினோராவது வாரத்தில் என்றால் இடுபணிகளில் பெரும்பகுதி முடிந்திருக்கும். கவலை தேர்வைப் பற்றியது மட்டுமே. நடுத்தவணையில் வரும் சிகிச்சைதான் மிகவும் கடினமானது, ஏனென்றால் குழுப்பணியும் இடைத்தேர்வும் அப்போதுதான் ஒன்றுசேர்ந்து வரும்.

அடுத்து, குணமாக எத்தனை நாளாகும் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். சிறு துளைகள் வழியாகக் குடல்வால் அகற்றப்பட்டால் இலேசான வேலைகளுக்குத் திரும்ப ஒன்று முதல் இரண்டு வாரமும், வயிற்றைத் திறந்து செய்திருந்தால் இரண்டு முதல் நான்கு வாரமும் ஆவது வழக்கம். கால் எலும்பில் தகடு வைத்திருந்தாலோ முழங்கால் தசைநாரைச் சரிசெய்திருந்தாலோ, ஊன்றுகோலுடன் நடக்கும் காலமே பல வாரங்கள் நீளக்கூடும். மருத்துவர் சொல்லும் கணக்கு பெரும்பாலும் உடல் நடமாடத் தொடங்கும் நாளைக் குறிக்கிறது. மூன்று மணி நேர விரிவுரையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் நாளை அது குறிப்பதில்லை. ஆகவே அந்தக் கணக்கோடு இன்னும் ஒரு வாரத்தையாவது சேர்த்துத் திட்டமிடுவதே பாதுகாப்பானது. குடல்வால் அழற்சி போன்ற அவசரச் சிகிச்சைகள் முன்கூட்டித் தேதி சொல்லி வருவதில்லை. அப்படி நேர்ந்தால், வகுப்புத் தோழர் ஒருவருக்கும் கல்வி ஆலோசகருக்கும் ஒரு குறுஞ்செய்தியை வீட்டார் அனுப்பிவிட்டாலே முதல் சில நாள்களுக்குப் போதும்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள பால்மர, செம்பனைத் தோட்டங்களிலும் வளரும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இவர்களில் சிலர் ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலும், சிலர் கம்பாரிலும், சிலர் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள். பெரிய சிகிச்சை என்றால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். பிறகு தோட்டத்து வீட்டுக்கு வந்து படுக்கிறார்கள். ஈப்போவில் படிப்பவர் வீட்டிலிருந்தே சில வகுப்புகளுக்குப் போய்வர முடியும். தஞ்சோங் மாலிமில் படிப்பவருக்கு அது நடவாத காரியம்; அவர் வீட்டில் இருக்கும் வரை முழுவதும் வீட்டில்தான். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால்தான் திட்டம் உண்மையானதாக இருக்கும்.

தாள்வேலை முதலில், படிப்பு பிறகு

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட இடறி விழுவது இங்கேதான். பல கல்விக்கழகங்கள் 80 விழுக்காட்டு வருகையைக் கட்டாயமாக்கியுள்ளன. 14 வாரத்தில் 20 விழுக்காடு என்பது மூன்று வாரத்துக்கும் குறைவு. எனவே, தாள் எதையும் ஒப்படைக்காமல் மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டால், இறுதித் தேர்வில் உட்காரும் உரிமையே கேள்விக்குறியாகிவிடும். இதிலிருந்து காப்பது எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ்தான்.

மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளில் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: எம்.சி., நோயும் சிகிச்சையும் குறிக்கப்பட்ட வெளியேற்றச் சுருக்கம், அடுத்த சந்திப்புக்கான அட்டை. மூன்றிலும் முத்திரை இருக்கிறதா, பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே பாருங்கள். பிறகு அதைத் திருத்துவதற்காகவே ஈப்போவுக்கு இன்னொரு பயணம் போக வேண்டாம். எம்.சி. முடியும் நாளுக்கும் மீண்டும் வகுப்புக்குப் போகும் நாளுக்கும் இடையில் வெற்று நாள்கள் இருக்கக்கூடாது. உடல் தேறவில்லை என்றால், எம்.சி. முடிவதற்கு முன்பே அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கோ சிறப்பு மருத்துவரிடமோ போய்க் காட்ட வேண்டும். கடந்துபோன நாள்களுக்குப் பின்தேதியிட்டு எம்.சி. கேட்பது சரியன்று, கேட்டாலும் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு: தொடர்சிகிச்சைக்குப் போகும் நாள்களில் மருத்துவமனை பெரும்பாலும் எம்.சி. தராமல், வந்துபோன நேரத்தைக் குறிக்கும் டைம் ஸ்லிப்பை மட்டுமே தரும். அதை உங்கள் கல்விக்கழகம் வருகைக் கணக்கில் ஏற்கிறதா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

விரிவுரையாளருக்கு எழுதும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நோயின் விவரத்தை உருக்கமாக விவரிக்கவும் வேண்டாம். உங்கள் பெயர், மாணவர் எண், பாடக் குறியீடு, வரமுடியாத நாள்கள், இணைத்துள்ள சான்றிதழ், விடுபடும் இடுபணிகளின் பெயர்கள், அவற்றுக்கு நீங்களே முன்மொழியும் புதிய தேதி ஆகியவை இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதே மிக முக்கியம். ‘எனக்குக் கூடுதல் கால அவகாசம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், முடிவெடுக்கும் சுமை விரிவுரையாளர்மீது விழுகிறது; பதிலும் தாமதமாகிறது. ‘எட்டாவது வாரத்தில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையைப் பத்தாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை ஒப்படைக்க அனுமதி வேண்டுகிறேன்’ என்று எழுதினால், அவர் ‘சரி’ என்ற ஒரே சொல்லில் பதில் தந்துவிட முடியும். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பேசி முடிவானாலும், பேசி முடித்ததை ஒரு மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கல்வி ஆலோசகருக்கும் மாணவர் விவகாரப் பிரிவுக்கும் நகல் போக வேண்டும்.

பெரிய முடிவு, தவணையைத் தொடர்வதா ஒத்திவைப்பதா என்பது. தோட்டத்துக் குடும்பங்களில், வீட்டிலிருந்து முதன்முதலில் பல்கலைக்கழகம் போன பிள்ளை ஒரு தவணை பின்தங்குவதை அப்பாவும் அம்மாவும் பெரும் இழப்பாகவே நினைப்பார்கள். அந்த நினைப்பைப் பிள்ளையும் சுமப்பார். அந்தக் கவலை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும் என் கருத்து உறுதியானது: ஐந்து வாரத்துக்குமேல் வீட்டில் இருக்க நேரும் என்றால், எல்லாப் பாடங்களையும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றிலும் குறைந்த மதிப்பெண் வாங்குவதைவிட, ஆய்வுக்கூடப் பயிற்சி உள்ள ஒரு பாடத்தையாவது விட்டுவிடுவது நல்லது. ஆய்வுக்கூட வேலையை வீட்டிலிருந்து ஈடுசெய்ய இயலாது. வாசித்துப் படிக்கும் பாடங்களை ஈடுசெய்ய இயலும். பாடத்தைக் கைவிடுவதற்கு நாள்காட்டியில் கடைசி வாரம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அது கடந்துபோனால் இந்த வழி அடைபட்டுவிடும்.

முடிவெடுக்கும் முன் பணக்கணக்கையும் பாருங்கள். பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனில் படிப்பவர் தவணையை ஒத்திவைத்தால் அந்தத் தவணைக்கான பணம் வராது; ஒத்திவைப்பைக் கடன் கழகத்துக்கும் முறையாகத் தெரிவிக்க வேண்டும். முழுநேர மாணவருக்குரிய குறைந்தபட்சக் கிரெடிட் எவ்வளவு என்று பாடப் பதிவுப் பிரிவில் கேட்டறியாமல் பாடத்தைக் கைவிடக்கூடாது. மருத்துவக் காரணத்தால் ஒத்திவைக்கப்படும் தவணை படிப்புக்காலக் கணக்கில் சேருமா சேராதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

களைப்பை அளந்து படிப்பது

தையல் காய்ந்துவிட்டது, நடக்க முடிகிறது, ஆனால் இரண்டு பக்கம் வாசித்தால் எழுத்து தலைக்குள் ஏற மறுக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய களைப்பு இப்படித்தான் இருக்கும். உடல் தன் ஆற்றலைக் காயத்தை ஆற்றச் செலவிடுகிறது. வலியால் இரவுத் தூக்கமும் கெடுகிறது. வலிக்குத் தரப்படும் டிராமடோல் போன்ற மருந்துகள் மயக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரும். இதைச் சோம்பல் என்று எண்ணித் தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் பிள்ளைகள் பலர். அது சோம்பல் அன்று.

முதல் வாரத்தில் எதையும் படிக்க வேண்டாம். வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு விரிவுரைப் பதிவைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். இரண்டாம் வாரத்திலிருந்து, உங்களுக்குத் தெளிவாக இருக்கும் நேரம் எது என்று இரண்டு மூன்று நாள் கவனித்துப் பாருங்கள். பலருக்கு அது காலைப் பசியாறலுக்குப் பிந்திய பொழுதாக இருக்கும். அந்த நேரத்தில் 20 நிமிடம் படித்து, 10 நிமிடம் எழுந்து நடந்து, மீண்டும் 20 நிமிடம் படிப்பது போதும். பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது, மரம் மீண்டும் பால் ஊற அவகாசம் தருவதற்குத்தான் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். தலைக்கும் அதே விதியைக் கொடுங்கள். கடினமான வாசிப்பை ஒருநாளும், குறிப்புகளைச் சீராக்குவது, மேற்கோள் பட்டியல் தயாரிப்பது போன்ற எளிய வேலைகளை மறுநாளும் வைத்துக்கொள்ளலாம்.

தெளிவாகப் படிக்க வேண்டும் என்பதற்காக வலி மருந்தை நீங்களே நிறுத்தாதீர்கள். அடங்காத வலியோடு படிப்பது மயக்கத்தோடு படிப்பதைவிட மோசமானது. மயக்கம் அதிகமென்றால் மருத்துவரிடமோ மருந்தகரிடமோ சொல்லுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றித் தர வழி இருக்கும். பராசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரையைப் பெரியவர்கள் ஒருநாளில் எட்டுக்குமேல் எடுக்கக்கூடாது. சளிக்காய்ச்சல் மருந்துகளிலும் அதே பராசிட்டமோல் கலந்திருக்கக்கூடும் என்பதை மறக்கவேண்டாம். மருந்தின் மயக்கம் இருக்கும்போது இணையவழிப் புதிரையோ தேர்வையோ எழுதாதீர்கள். ஒருமுறை அனுப்பிய விடையைத் திரும்பப் பெற இயலாது.

எதை முதலில் செய்வது என்பதை மதிப்பெண் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளிலும் தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு எத்தனை என்று இருக்கும். 5 விழுக்காட்டுப் புதிருக்காக மூன்று நாள் உழைத்துவிட்டு 30 விழுக்காட்டுக் கட்டுரையை அரைகுறையாக அனுப்புவது வீண். குழுப்பணியில் உங்கள் பங்கையும் தாங்களே செய்துவிடுவதாகத் தோழர்கள் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். களப்பணியும் நேர்காணலும் உங்களால் முடியாது. ஆனால் முன்னுரை எழுதுவதும் பிழை திருத்துவதும் பட விளக்கங்களைத் தயாரிப்பதும் முடியும். அந்தப் பங்கை நீங்களே கேட்டு வாங்கி, புலனக் குழுவில் எழுத்தில் பதிந்துவிடுங்கள்.

உட்காரும் முறையையும் சொல்ல வேண்டும். வயிற்றில் சிகிச்சை செய்தவர் மடிக்கணினியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்துப் படிக்கக்கூடாது. சாய்மானமுள்ள நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து, மேசையில் கணினியை வைக்க வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையைத் தையல்மேல் அழுத்திக்கொண்டால் வலி குறையும். காலில் சிகிச்சை என்றால் காலை உயர்த்தி வைத்தபடி படியுங்கள். கையில் என்றால் கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சைப் பழகிக்கொள்ளுங்கள். தேர்வில் கூடுதல் நேரமோ எழுத்து உதவியாளரோ வேண்டுமென்றால் பல வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். யாராக இருந்தாலும், நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், 38 பாகைக்குமேல் காய்ச்சல் அடித்தாலும், தையல் சிவந்து சீழ் வடிந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறல் என்றால் உடனே 999.

வீடும் வந்துபோவோரும்

தோட்டத்தில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டால், பக்கத்து வீட்டு அத்தை முதல் கோயில் தலைவர் வரை எல்லாரும் ரொட்டியும் பழமும் எடுத்துக்கொண்டு பார்க்க வருவார்கள். அந்த அன்பை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் உங்களுக்குத் தெளிவாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் அன்றைய படிப்பு போயிற்று. ‘சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வாருங்கள், பிள்ளை அப்போதுதான் எழுந்திருக்கும்’ என்று அம்மா சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சொல்வதைவிட அம்மா சொல்வது எடுபடும்.

பெண்பிள்ளைகளின் வீட்டாருக்குத் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். விடுதியிலிருந்து வந்த மகள் எழுந்து நடமாடத் தொடங்கியதும், சமையலும் துணி துவைப்பதும் மெல்ல அவள் கைக்கு வந்துவிடுகின்றன. வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்தவர் நான்கு முதல் ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர் நிறைந்த வாளி, 10 கிலோ அரிசி மூட்டை, கேஸ் தோம்பு மூன்றும் அந்தக் கனமானவற்றில் அடங்கும். அவள் வீட்டில் இருப்பது விடுமுறைக்காக அன்று.

உணவில், விரால் மீன் சாறு புண்ணை ஆற்றும் என்று இங்கே எல்லா இனத்தாரும் நம்பிக் கொடுக்கிறார்கள். மீன் நல்ல புரத உணவுதான், தாராளமாகக் கொடுக்கலாம். பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் கோழியையும் பருப்பையும் முழுவதுமாக நிறுத்திவிடுவதுதான் கெடுதல். காயம் ஆறவும் களைப்பு நீங்கவும் புரதம் வேண்டும்.

செம்பனைக்கு நடுவே உள்ள வீடுகளில் இணையம் நிலையாக இருப்பதில்லை. ஆகவே நேரலை வகுப்பை நம்பியிருக்காமல், பதிவையும் குறிப்பையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் தம்பியோ அண்ணனோ கைப்பேசியை டவுனுக்கு எடுத்துப் போய் எல்லாவற்றையும் இறக்கி வரலாம். இடுபணியை ஒப்படைக்கும் கடைசி நாளிரவு வரை காத்திருக்காதீர்கள்; மழை பெய்தால் அலைவரிசை போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். கோயில் திருவிழா வாரத்தில் ஒலிபெருக்கி ஓயாது. அந்த வாரத்துக்கு எளிய வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போகும் வாரம்

விடுதியில் உங்கள் அறை மூன்றாம் மாடியில் இருந்தால், கீழ்த்தள அறைக்கு மாற்றித் தருமாறு திரும்புவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். மயக்கம் தரும் மருந்து நிற்கும் வரை மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. மடிக்கணினியும் இரண்டு புத்தகமும் சேர்ந்தாலே பை கனத்துவிடும். எனவே பெரிய பையை வீட்டார் யாராவது பிறகு கொண்டுவரட்டும். இரயிலில் போகிறவர் சுங்கை சிப்புட் நிலையத்தில் ஏற்றிவிடவும் இறங்கும் இடத்தில் அழைத்துப் போகவும் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இறுதித் தேர்வுக்குள் உடல் தேறாவிட்டால், மருத்துவக் காரணத்தால் தேர்வைத் தவறவிட்டவருக்கென்று சிறப்புத் தேர்வு நடத்தும் வழக்கம் பல கல்விக்கழகங்களில் உண்டு. அதற்கான விண்ணப்பத்தைத் தேர்வு முடிந்த ஓரிரு நாள்களுக்குள் கேட்கும் கல்விக்கழகங்களும் உண்டு. தனியார் கிளினிக் எம்.சி.யை ஏற்காதவையும் உண்டு. விதியை இப்போதே தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குத் திரும்பிய முதல் வாரத்தில் ஒவ்வொரு விரிவுரையாளரையும் நேரில் பார்த்து, நீங்கள் அனுப்பிய எம்.சி. நாள்கள் வருகைப் பதிவில் அனுமதி பெற்ற விடுப்பாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டதால் பதிவு தானாகவே மாறியிருக்கும் என்று எண்ண வேண்டாம். தேர்வு எழுத அனுமதி மறுக்கப்பட்டோரின் பட்டியல் வெளிவருமுன் இந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்காக அசல் எம்.சி.யைப் பையிலேயே வைத்திருங்கள்.