பிறப்புறுப்பில் மரு, பரு, கட்டி: எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

குளிக்கும்போது பிறப்புறுப்பில் புதிதாக ஏதோ கையில் தட்டுப்படுகிறது. பலர் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைக்கிறார்கள்; சிலர் மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பைத் தடவுகிறார்கள். இரண்டுமே சிகிச்சையை இழுத்தடிக்கும். கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

படி 1: நன்றாகப் பாருங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெண்களுக்குக் கைக்கண்ணாடி தேவைப்படும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால், முடித்ததும் மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் அது இறுகி நுனி வீங்கிவிடும். முன்னுக்கு வரவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தெளிவாகத் தெரியட்டும் என்று முடியை மழிக்காதீர்கள். மருவாகவோ பாலுண்ணியாகவோ (வைரஸால் வரும் சிறு பரு) இருந்தால், கத்தி படும் வழியெல்லாம் வைரஸ் பரவும்.

எங்கே, எத்தனை, எத்தனை மி.மீ., வலி அல்லது அரிப்பு உண்டா, எந்தத் தேதியில் கண்ணில் பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

படி 2: இயல்பானவற்றை ஒதுக்குங்கள்

ஆண்குறி நுனியின் விளிம்பைச் சுற்றி ஒரே அளவில், 1 முதல் 2 மி.மீ. உயரத்தில், வரிசையாக நிற்கும் சிறு முத்துகள் நோயல்ல. ஆண்குறியின் தண்டிலும் பெண்ணுறுப்பின் உதடுகளிலும் தெரியும் மஞ்சள் நிறப் பொட்டுகள் எண்ணெய்ச் சுரப்பிகள். பெண்களின் உட்புற உதடுகளில் இருபக்கமும் ஒரேமாதிரி, ஒவ்வொன்றும் தனி அடியோடு எழும் மென்மையான முளைகளும் இயல்பானவையே. இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும், பரவாது.

படி 3: சந்தேகப்பட வேண்டியவை

மரு சொரசொரப்பாக, பல சேர்ந்தால் காலிஃபிளவர் பூப்போல இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு ஹெச்பிவி (மனிதப் பாப்பிலோமா) வைரஸின் 6, 11 வகைகளே காரணம். பாலுண்ணி வழவழப்பாக, நடுவில் சிறு குழியோடு இருக்கும். கொத்தாக நீர்க்கொப்புளம் எழுந்து எரிந்தால் ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம்.

மிகவும் ஏமாற்றுவது சிபிலிஸ் என்ற பால்வினை நோய். வலியே இல்லாத ஒரு புண், 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆறியது புண் மட்டும்தான். கிருமி உடலுக்குள் இருக்கும். பிறகு ஈரமான, தட்டையான தடிப்புகளாகத் திரும்பி வரும்போது, பார்ப்பவர்கள் மரு என்றே நினைத்துவிடுகிறார்கள். அதனால் மரு போலத் தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

படி 4: எவ்வளவு சீக்கிரம்?

அன்றைக்கே: வேகமாகப் பரவும் வீக்கம், காய்ச்சல், தோல் கறுத்துப்போவது, தாங்க முடியாத வலி, சிறுநீர் அடைப்பு. சர்க்கரை நோயாளிகள் இதில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

சில நாட்களுக்குள்: எந்தப் புண்ணும், கொப்புளமும், ரத்தக் கசிவும். கர்ப்பிணிக்கு எது வந்தாலும் இதில் சேரும். குழந்தைக்கு வந்தாலும் அப்படியே. யார்மீதும் பழி போடாமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓரிரு வாரத்துக்குள்: வலியில்லாத புதிய மரு, பாலுண்ணி, கெட்டியான கட்டி, நிறம் அல்லது அளவு மாறும் மச்சம். இரண்டு வாரமாக ஆறாத புண் ஏற்கெனவே இருந்தால், அதையும் சில நாட்களுக்குள் காட்டி, சதைப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம்.

படி 5: அதுவரை செய்யக் கூடாதவை

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் வைப்பது, முடியால் இறுக்கிக் கட்டுவது, கிள்ளுவது வேண்டாம். கால் ஆணிக்கு விற்கும் சாலிசிலிக் அமிலம் பாதத்தின் தடித்த தோலுக்கானது. இங்கே தோலைப் பொசுக்கிவிடும். பொசுங்கிய புண்ணைப் பார்த்து முன்பு என்ன இருந்தது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. அரிப்புக்குத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் வைரஸுக்கு வசதியாகிவிடும். உடலுறவையும் நிறுத்தி வையுங்கள்.

படி 6: எங்கே போவது, என்ன சொல்வது?

தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம் போகலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் உண்டு. 1097 இலவச உதவி எண். சீட்டுப் போடும் இடத்தில் "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்றாலே போதும். உள்ளே போனதும் மறைக்காதீர்கள்: தடவிய மருந்துகள், உடலுறவு விவரம், கர்ப்பம், சர்க்கரை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

படி 7: சிகிச்சையும் அதற்குப் பின்னும்

மருவை உறையவைத்தோ, சுட்டோ, மருந்து தடவியோ நீக்குவார்கள். வீட்டில் தடவ 5 சதவீத இமிக்விமாட் களிம்பு தந்தால், வழக்கமாக வாரத்துக்கு மூன்று இரவுகள் தடவி, 6 முதல் 10 மணி நேரத்தில் கழுவ வேண்டும். 16 வாரம் வரைகூட ஆகலாம். சீக்கிரம் போகட்டும் என்று தினமும் தடவினால் புண்ணாகிப் பாதியில் நிறுத்த நேரும். போடோஃபிலின் என்ற தடவும் மருந்து கர்ப்பத்தில் கூடாது.

துணைவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதில் சண்டைக்கு இடமில்லை: ஹெச்பிவி தொற்றி மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தே மரு தெரியலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று மருவை வைத்துச் சொல்ல முடியாது.

மரு போன பிறகும் முதல் மூன்று மாதங்களில் திரும்ப வருவது சகஜம். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் பார்த்து, புதிதாகத் தெரிந்தால் சிறிதாக இருக்கும்போதே காட்டுங்கள். பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எப்போது செய்ய வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.