கைக்கு அடங்கும் போன்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் நடக்கும் தவறுகள்

பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் இருக்கும் போனின் மேல் மூலையைக் கட்டைவிரலால் தொட முடிகிறதா? எனக்குப் போன் என்றால் முதலில் இதுதான் வேண்டும். அதற்காகவே மூன்று வருடமாக ஐபோன் 13 மினி வைத்திருக்கிறேன். எடை 141 கிராம். சட்டைப் பையில் போட்டால் பை தொங்காது. ஆப்பிள் இந்த மினி வரிசையில் 2020இலும் 2021இலும் ஒவ்வொரு மாடல்தான் வெளியிட்டது. 2023 செப்டம்பரில் 13 மினியையும் நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். ஆசையாகத் தேடி வாங்கியவர்கள் இரண்டே மாதத்தில் "சார்ஜ் நிற்கவில்லை, சூடாகிறது, டச் சரியில்லை" என்று விற்கக் கிளம்புவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. போனில் உள்ள குறை கொஞ்சம்தான். மீதி, வாங்கும்போதும் கையாளும்போதும் நாம் செய்வது.

அங்குலத்தைப் பார்த்து அளவை முடிவு செய்வதிலிருந்தே தவறு ஆரம்பிக்கிறது. திரையின் அங்குலம் மூலைக்கு மூலை அளப்பது. போன் எவ்வளவு அகலம் என்பதை அது சொல்லாது. 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய போன். அதன் திரை 5.3 அங்குலம். 13 மினியின் திரை 5.4 அங்குலம், அதாவது நோட்டைவிடக் கூடுதல்! ஆனால் நோட்டின் அகலம் ஏறக்குறைய 83 மில்லிமீட்டர், மினியின் அகலம் 64.2. திரை நீண்டு ஒடுங்கியதும், சுற்றியிருந்த விளிம்பு குறைந்ததும்தான் காரணம். ஒரு போன் கைக்கு அடங்குமா என்பதை அகலம்தான் தீர்மானிக்கிறது. இன்று 'காம்பாக்ட்' என்று விற்கப்படும் சாம்சங் எஸ்25 அகலம் 70.5 மி.மீ., ஒன்பிளஸ் 13எஸ் கிட்டத்தட்ட 72 மி.மீ. இரண்டும் நல்ல போன்கள்தான், ஆனால் மினியை மனதில் வைத்துக்கொண்டு அவற்றை வாங்கினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆர்டர் போடும் முன் ஒரு அட்டையை அந்த நீள அகலத்துக்கு வெட்டி ஒரு நாள் கையில் பிடித்துப் பாருங்கள். அப்புறம், இவ்வளவு பார்த்து வாங்கிவிட்டு அதற்கு முரட்டு பேக் கவர் போடாதீர்கள். பக்கத்துக்கு இரண்டு மி.மீ. ஏறினாலே மினி என்ற பேச்சு போய்விடும்.

அடுத்தது பேட்டரி. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். விலை குறைவு என்று 12 மினியை வாங்காதீர்கள் என்று என்னைக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உள்ளே 12 மினியில் 2,227 எம்ஏஎச் பேட்டரி, 13 மினியில் சுமார் 2,400. தொடர்ந்து வீடியோ ஓடவிட்டால் 12 மினி 15 மணி நேரமும் 13 மினி 17 மணி நேரமும் தாங்கும் என்பது ஆப்பிள் கணக்கு. வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். மாலை ஆறு மணிக்கு அது தெரியும். மேலும் 12 மினி 64 ஜிபியிலும் வந்தது. வாட்ஸ்அப் ஒன்றே அதில் பாதியை நிரப்பிவிடும்.

சின்ன பேட்டரியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இந்தத் தலைமுறை ஐபோன் பேட்டரி, முழு சார்ஜ் சுழற்சி 500 ஆகும்போது 80 சதவீதக் கொள்ளளவு மிச்சம் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் சொல்கிறது. ஒரு நாளைக்கு 2,400 எம்ஏஎச் செலவு செய்பவருக்கு மினியில் தினம் ஒரு சுழற்சி. ஒன்றரை வருடத்துக்குள் 500 வந்துவிடும். அதே ஆள் 4,000 எம்ஏஎச் போன் வைத்திருந்தால் அந்த எண்ணிக்கையைத் தொட இரண்டு வருடத்துக்கும் மேல் ஆகும். ஆக, உபயோகம் ஒன்றாக இருந்தாலும் சின்ன பேட்டரிக்குச் சீக்கிரம் வயதாகிறது. மினி வாங்கும்போதே பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

போன் மெதுவாகிவிட்டது என்றால் உடனே "பழசாயிடுச்சு" என்று முடிவு கட்டுவது இதோடு ஒட்டிய தவறு. தேய்ந்த பேட்டரியால் ஒரே நொடியில் அதிக மின்சாரம் கொடுக்க முடியாது. அப்படிக் கேட்கும்போது போன் திடீரென்று அணைந்துபோகும். அதைத் தடுக்க மென்பொருளே பிராசசரின் வேகத்தைக் குறைக்கிறது. பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லாமல் இதைச் செய்ததற்காகத்தான் 2017 டிசம்பரில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. இப்போது செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் நிலவரம் தெரியும். 13 மினியில் இருக்கும் ஏ15 சிப் இன்றைய வேலைகளுக்குத் தாராளமாகப் போதும், ஐஓஎஸ் 26 கூட அதற்கு வருகிறது. நல்ல பேட்டரி போட்டதும் பழைய வேகம் திரும்பியதை என் போனிலேயே பார்த்தேன்.

பேட்டரியில் இன்னும் எத்தனை சதவீதக் கொள்ளளவு மிச்சம் என்று சொல்லும் 'பேட்டரி ஹெல்த்' 100 என்று காட்டினால் மட்டும் நம்பிவிடக் கூடாது. நான் முதலில் வாங்கிய மினி அப்படித்தான் காட்டியது. மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். யாரோ வேறு பேட்டரி போட்டு எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். செட்டிங்ஸில் 'ஜெனரல்', அதற்குள் 'அபௌட்' போய்ப் பாருங்கள். ஏதாவது பாகம் மாற்றப்பட்டிருந்தால், அது அசலா இல்லையா என்று பேட்டரி, டிஸ்பிளே, கேமரா மூன்றுக்கும் அங்கே பெரும்பாலும் எழுதியிருக்கும். டிஸ்பிளேக்கு இன்னொரு சோதனையும் உண்டு. முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டில் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். மினியின் அசல் திரை ஓஎல்இடி, கறுப்பு இருக்கும் இடத்தில் விளக்கே எரியாது. சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒளிர்ந்தால் அசலை எடுத்துவிட்டு யாரோ மலிவான எல்சிடி திரை போட்டிருக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டு நிமிடத்தைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டச் பிரச்சினையில் பாதி நாமே ஒட்டுவது. விரல் படும் இடத்தில் ஏற்படும் மிகச் சிறிய மின்மாற்றத்தைத்தான் திரை உணர்கிறது. ஓரத்தில் மட்டும் பசை உள்ள மலிவான டெம்பர் கிளாஸ் போட்டால் நடுவில் காற்று இடைவெளி வந்து அந்த உணர்வு மந்தமாகிவிடும். முழுப் பரப்பிலும் பசை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தானாக எதையோ அழுத்துகிறதா? டிஸ்பிளேயை மாற்ற ஓடாதீர்கள், முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் திரையைக் குழப்பும். சில சமயம் மென்பொருள் காரணமாகவும் இருக்கலாம்: 12 மினி வந்த புதிதில் லாக் ஸ்கிரீன் தொட்டால் சரியாகக் கேட்காமல் இருந்தது, ஐஓஎஸ் 14.2.1 அதைச் சரிசெய்தது.

சூடு விஷயத்தில் மினிக்கு உண்மையாகவே ஒரு பலவீனம் உண்டு. மினியைவிடப் பெரிய ஐபோன் 13இல் இருக்கும் அதே சிப்தான் 13 மினியிலும். ஆனால் சூட்டை வெளியேற்ற உடம்பின் பரப்பு குறைவு. அதனால் முதல் சில நிமிடம் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும், கேம் அரை மணி நேரம் நீண்டால் மினி தன் வேகத்தையும் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளும். ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. நம் மே மாத மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. பைக் ஹேண்டிலில் மாட்டி, வெயிலில் மேப் ஓடவிட்டு, பவர் பேங்கையும் சொருகினால் அது படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பைக்கில் மாட்டுவதில் கேமராவுக்கும் ஆபத்து. படம் ஆடாமல் இருக்க சென்சாரை நகர்த்தும் நுட்பமான அமைப்பு இதில் இருக்கிறது. சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் என்ஜின்களின் அதிர்வு அதைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. என் பைக்கில் போன் சட்டைப் பையில்தான், வழி காதில் கேட்கும். சூடான போனை ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உள்ளே ஈரம் படிந்துவிடும். கவரைக் கழற்றி மின்விசிறிக்கு அடியில் வைத்தாலே போதும்.

ஒவ்வொரு முறையும் எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடுவதால் சார்ஜ் மிச்சமாகாது. மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் செலவுதான் கூடும்.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அகலத்தில் தமிழ்99 விசைப்பலகையின் பொத்தான்கள் நெருக்கமாக வந்து, ஒன்றை அழுத்தினால் பக்கத்து எழுத்து விழும். ஐபோனிலேயே அஞ்சல் விசைப்பலகையும் இருக்கிறது. ஆங்கில எழுத்து வரிசையில் தட்டத் தட்டத் தமிழ் வரும், பழகினால் மினியில் அதுதான் வசதி. படிப்பதற்கு எழுத்தின் அளவை ஒரு படி கூட்டினால் கண் வலிக்காது. இரண்டு மூன்று படி கூட்டினால்தான் படிக்க முடிகிறது என்றால், அந்தக் கண்ணுக்கு மினி சரிப்படாது. என் அம்மாவுக்கு ஆசையாக ஒன்று வாங்கிக் கொடுத்து, ஒரே வாரத்தில் திரும்ப வாங்கி, 6.7 அங்குலத்தில் ஒன்று கொடுத்தேன். அவருக்கு அதுதான் கைக்கு அடங்குகிறது.