டீசல் வான் விடியப்புறம் ஸ்ரார்ட் ஆகவில்லையா? ஹீட்டர் பிளக்கை நீங்களே பரிசோதிக்கலாம்

மார்கழி, தை வந்தால் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் ஒரே முறைப்பாடுதான். "மத்தியானம் ஒரு சுற்றிலேயே ஸ்ரார்ட் ஆகுது. விடியப்புறம் எண்டால் இழுத்து இழுத்து உயிரை வாங்குது." மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்புகிறவர்களுக்கு இது பெரிய கரைச்சல். சிலர் உடனே புதுப் பற்றரி வாங்குகிறார்கள். சிலர் டீசல் பம்பைக் கழற்றக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் பெரிய செலவு. அதற்கு முன் வோல்ற்றும் ஓமும் அளக்கும் ஒரு சாதாரண மல்ரி மீற்றரை வைத்து ஹீட்டர் பிளக்கைப் பார்த்துவிடுங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்க, அது சூடாகி டீசலைப் பற்றவைக்கிறது. ரவுன்ஏஸ், லைட்ஏஸ் போன்ற பழைய வான்களில் டீசல் நேரே சிலிண்டருக்குள் போகாமல், தலைப்பகுதியில் உள்ள ஒரு சின்ன அறைக்குள் முதலில் போகும். எஞ்சின் ஆறியிருந்தால் அந்த அறையின் இரும்பே சூட்டை உறிஞ்சிவிடும். அதை ஈடுசெய்யத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். அதன் நுனி சில நொடிகளில் 800 பாகை செல்சியஸைத் தாண்டிச் சிவக்கும்.

நம் ஊர் வெயிலில் நான்கில் ஒன்று செத்திருந்தாலும் மீதி மூன்றை வைத்து எஞ்சின் சமாளித்துக்கொண்டு ஓடும். பனி விழும் காலையில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே போன வாரம் வரை நன்றாக இருந்ததே என்று நினைக்காதீர்கள். பிளக் எப்போதோ போயிருக்கலாம்.

முதலில் புகையைப் பாருங்கள்

எந்தக் கருவியையும் எடுக்க முன்னர் ஒருவரை ஸ்ரார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, வாகனத்தின் பின்னால் போய் நில்லுங்கள். பாதி வழி இதிலேயே தெரிந்துவிடும்.

சைலன்சரில் வெள்ளைப் புகை வந்து எரியாத டீசல் மணந்தால், டீசல் போகிறது, பற்றவில்லை. ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை; பில்டர், காற்றுப் பிடித்த குழாய், பம்பின் டீசல் நிறுத்தும் சுவிச் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். ஸ்ரார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் முதலில் பற்றரி. ஓய்வில் இருக்கும் பற்றரி 12.4 வோல்ற்றுக்குக் கீழே நின்றால், சார்ஜ் ஏற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஸ்ரார்ட் ஆனபின் ஒரு நிமிடம் குலுங்கி, வெள்ளைப் புகை தள்ளி, அப்புறம் சீராகிவிட்டால் ஒன்றிரண்டு பிளக்குகள் போயிருக்கும். சூட்டிலும் இழுக்கிறது என்றால் பிரச்சினை வேறு.

டாஷ்போட் விளக்கை நம்பவேண்டாம்

சுருள் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தால் பிளக் சூடாகிவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். பழைய வாகனங்களில் அது நேரக்கணக்கை மட்டுமே காட்டும். நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் அழகாக எரிந்து அணையும்.

மின்சாரம் வந்து சேர்கிறதா?

எஞ்சின் முழுதாக ஆறியிருக்கவேண்டும். பிளக்குக்கு எவ்வளவு நேரம் மின்சாரம் போகவேண்டும் என்று பார்க்கும் டைமர் சூட்டில் வேலை செய்யாமலே விட்டுவிடும், நீங்கள் வீணாகக் குழம்புவீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றி வையுங்கள். ரவுன்ஏஸ் வகையில் முன் சீற்றைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். நான்கு பிளக்குகளின் தலையையும் இணைத்துக்கொண்டு ஒரு தகட்டுப் பட்டை ஓடும்.

மீற்றரை 20 வோல்ற் டீசியில் வைத்து, சிவப்பு முனையைப் பட்டையிலும் கறுப்பு முனையை எஞ்சின் இரும்பிலும் பிடியுங்கள். ஒருவர் திறப்பை ஓனில் போடட்டும். 11 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இந்தப் பக்கம் சரி. சில வாகனங்களில் சில நொடி கழித்து வோல்ற் தானாக இறங்கும். இரண்டு கட்டமாகச் சூடாக்கும் அமைப்பு அது, பழுதில்லை.

ஒன்றுமே காட்டவில்லையென்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிச்சான ரிலேக்குப் போங்கள். அதில் இரண்டு தடித்த முனைகள் இருக்கும். ஒன்றில் எப்போதும் பற்றரி வோல்ற் நிற்கவேண்டும். இல்லையென்றால் பெரிய பியூஸ் போயிருக்கிறது. திறப்பைப் போட்டதும் "டக்" என்ற சத்தத்தோடு மற்றதிலும் வரவேண்டும். சத்தம் கேட்டும் வோல்ற் வரவில்லையா, ரிலேயின் உள்முனை கருகியிருக்கும். சத்தமே இல்லையென்றால் ரிலேக்கு வரும் மெல்லிய வயரையும் டைமரையும் பாருங்கள்.

காரைநகர், வேலணை, பருத்தித்துறை போன்ற கரையோர இடங்களில் ஓடும் வாகனமாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். உப்புக்காற்றில் பட்டையின் நட்டுகளிலும் பற்றரி எர்த் வயரிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். ஒரு பிளக் சூடான நிலையிலேயே ஏறக்குறைய 10 அம்பியர் இழுக்கும், தொடக்கத்தில் அதைவிட அதிகம். நான்கும் சேர்ந்து இழுக்கும்போது ஒரு சின்னக் கறள் போதும், வோல்ற் படுத்துவிடும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப இறுக்குங்கள்.

ஒவ்வொரு பிளக்காக

பற்றரியின் எதிர்முனையை (– குறி உள்ளதை) கழற்றிவிட்டு, பட்டையையும் கழற்றுங்கள். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். பட்டையில் மின்சாரம் இருக்கும்போது ஸ்பனர் எஞ்சினில் பட்டால் கை வெந்துபோகும்.

மீற்றரை மிகக் குறைந்த ஓம் அளவில் வையுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மற்றதை எஞ்சினிலும் வைத்து, வரும் அளவில் அந்த எண்ணைக் கழியுங்கள். நல்ல 12 வோல்ற் பிளக் ஏறக்குறைய 1 ஓம் அல்லது அதற்குக் கீழே காட்டும். மீற்றர் அசையவே இல்லையென்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று 0.8 காட்டி ஒன்று மட்டும் 4 காட்டினால் அதுவும் போனதுதான்.

கழற்றுவதில் அவசரம் வேண்டாம்

முறிந்த பிளக்கை எடுக்கச் சிலவேளை சிலிண்டர் தலையையே இறக்கவேண்டிவரும். முதல்நாள் இரவே கறள் நீக்கும் எண்ணெயை அடியில் விட்டுவையுங்கள். அடுத்தநாள் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள். இறுகினால் கொஞ்சம் உள்ளே முடுக்கி, பிறகு வெளியே திருப்புங்கள். பலத்தைக் காட்டவே கூடாது.

வெளியே எடுத்ததும் நுனியைப் பாருங்கள். உருகியோ பொத்தல் விழுந்தோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் சரியாகத் தூவாமல் ஒழுகுகிறது என்று சந்தேகியுங்கள். புதுப் பிளக் மட்டும் போட்டால் அதுவும் உருகும். நுனி வீங்கியிருந்தால் மின்சாரம் அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது. ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். டைமரைத் தூக்கிவிட்டு அழுத்தும் சுவிச் பூட்டிய வான் என்றால், நீண்டநேரம் அழுத்திப் பிடிப்பதும் காரணமாகலாம்.

புதியது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். உடம்பில் பொறித்திருக்கும் வோல்ற் எண் ஒன்றாக இருக்கவேண்டும். உருவம் ஒன்றாக இருந்தும் 6, 11, 12 வோல்ற் என்று வேறுபடும். புதிய மாடல்களில் 5, 7 வோல்ற் பிளக்குகளும் உண்டு. அவற்றுக்கு நேரே பற்றரியைக் கொடுத்துப் பரிசோதித்தால் அந்த இடத்திலேயே எரிந்துவிடும்.

பூட்டும்போது புரியைத் துடைத்து, முதலில் கையாலேயே முடுக்குங்கள். 10 மில்லிமீற்றர் புரிக்கு 12 முதல் 18 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும்.

ஸ்ரார்ட் ஆகாத கோபத்தில் காற்றுக் குழாய்க்குள் ஈதர் ஸ்பிரே அடிக்கவேண்டாம். சிவந்திருக்கும் பிளக்கில் அது பட்டால் வெடிக்கும். பிஸ்டன் உடையும், ஆளுக்கும் காயம் வரும்.

நான்கு பிளக்கும் நல்லது, பட்டையில் வோல்ற் வருகிறது, பற்றரியும் சரி, ஆனாலும் வெள்ளைப் புகையோடு இழுக்கிறது என்றால் வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய், எழுதிய தாளை மெக்கானிக்கிடம் கொடுத்துக் கம்பிரஷன், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள்.