வேறு வேறு ரேமைச் சேர்க்கும்போது: கம்ப்யூட்டர் ஆன் ஆவது மட்டும் போதாது

பழைய டெஸ்க்டாப்பில் 4 ஜிபி ரேம் இருக்கிறது. பக்கத்து ஸ்லாட்டில் வேறு கம்பெனி ரேமைச் செருகலாமா? கூடவே கூடாது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். தாராளமாகச் செருகலாம். ரேமில் ஒட்டியிருக்கும் சிப்களைத் தயாரிப்பது பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் போன்ற ஒரு சிலர்தான். ஒரே பெயரில், ஒரே மாடல் எண்ணில் விற்கும் ரேமிலேயே காலப்போக்கில் உள்ளே இருக்கும் சிப் மாறிவிடும். அதனால் பெயர் ஒத்துப்போகிறதா என்று அலைவதை விட்டுவிட்டு லேபிளைப் படியுங்கள்.

இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் இன்டெல் 4-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பாலும் எச்81 மதர்போர்டு இருக்கும். இரண்டே ஸ்லாட், டிடிஆர்3 என்ற தலைமுறை ரேம், அதிகபட்சம் 16 ஜிபி. ரேமைக் கழற்றிப் பார்த்தால் லேபிளில் ‘4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800யூ-11’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். ‘பிசி3’ என்றால் டிடிஆர்3. ‘எல்’ இருந்தால் 1.35 வோல்ட், இல்லையென்றால் 1.5 வோல்ட், இந்தப் போர்டில் இரண்டையும் சேர்த்துப் போடலாம். ஆனால் 6-ஆம் தலைமுறை போர்டுகள் சிலவற்றிலும் டிடிஆர்3எல் ஸ்லாட் உண்டு. அவற்றில் 1.5 வோல்ட் ரேமைப் போடாதீர்கள், அந்த ப்ராசஸர்களுக்கு இன்டெல் அதை அனுமதிக்கவில்லை. 12800 என்பது 1600 வேகத்தைக் குறிக்கும். 10600 என்று இருந்தால் 1333.

பணம் வீணாவது அதற்கடுத்த எழுத்தில். ‘யூ’ என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். ‘ஆர்’ என்றால் சர்வருக்கான ரேம். விலை மலிவாக இருக்கும், ஸ்லாட்டிலும் சரியாக உட்காரும், உங்கள் போர்டில் டிஸ்ப்ளே மட்டும் வராது. ஆன்லைனில் ‘ஏஎம்டி போர்டுக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டு விற்கும் டிடிஆர்3 ரேமும் இதே கதைதான். அவற்றில் பெரும்பாலும் இருப்பது எக்ஸ்4 வகை சிப் (லேபிளில் ‘எக்ஸ்’ என்பதற்குப் பின் வரும் எண், ஒரு சிப் ஒரே நேரத்தில் தரும் பிட்களின் எண்ணிக்கை). இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் எக்ஸ்8, எக்ஸ்16 வகையைத்தான் ஏற்கும். 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கும் இந்தத் தலைமுறையில் வேலை செய்யாது, 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள்.

1600 ரேமோடு 1333 ரேமைப் போட்டால் இரண்டும் 1333-இல்தான் ஓடும். இதற்காகக் கவலைப்படுகிறவர்கள் நிறைய. தேவையில்லை. சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை, லேபிளின் கடைசி எண். 1600-இல் சிஎல்11 என்றால் காத்திருக்கும் நேரம் 13.75 நானோசெகண்ட், 1333-இல் சிஎல்9 என்றால் 13.5. கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு ஸ்லாட் இருக்கும்போது ஒன்றைக் காலியாக விடுவதுதான் உண்மையான இழப்பு. டூயல் சேனல் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் ஓடுவது) போய், ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான பாதை பாதியாகிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அது கண்ணுக்கே தெரியும். 4 ஜிபியோடு 8 ஜிபி போட்டாலும் நஷ்டமில்லை: முதல் 8 ஜிபி டூயல் சேனலில் ஓடும், மிச்ச 4 ஜிபி மட்டும் ஒற்றைச் சேனலில். நான்கு ஸ்லாட் போர்டாக இருந்தால் எந்த ஸ்லாட்டுக்கு எது ஜோடி என்று மேனுவலைப் பார்த்துப் போடுங்கள். விண்டோஸ் 32-பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவதே வீண்.

இத்தனையும் சரியாகப் பார்த்துச் செருகி, ஆன் செய்து, விண்டோஸில் 12 ஜிபி என்று காட்டியதும் கேபினட்டை மூடிவிடுகிறோமே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 12 ஜிபி என்று காட்டினால் ரேமை போர்டு அடையாளம் கண்டுகொண்டது என்றுதான் பொருள். அதில் எழுதியது அப்படியே திரும்பி வருகிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. வீட்டு டெஸ்க்டாப் ரேமில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி வசதி கிடையாது. ஒரு பிட் மாறினாலும் யாருக்கும் தெரியாது. போட்டோக்களை வேறு டிரைவுக்குக் காப்பி செய்யும்போது அவை ரேம் வழியாகத்தான் போகின்றன. அங்கே கெட்டால் கெட்டுப்போன போட்டோதான் டிஸ்க்கில் பதியும், எந்த எச்சரிக்கையும் வராது. ஜிப் ஃபைல் திறக்க மறுக்கும், பிரவுசர் திடீரென்று மூடிக்கொள்ளும், நீலத்திரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொல்லும். உடனே விண்டோஸ் மேல் பழி போட்டு ஃபார்மட் அடிப்பார்கள். கெட்ட ரேமை வைத்துக்கொண்டு இன்ஸ்டால் செய்தால் புது விண்டோஸும் கெட்டுத்தான் பதியும்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருள் இலவசம். பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ‘ஒன்றுதானே’ என்று விடாதீர்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஸ்டிக்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தனித்தனியே அதே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். ஒன்று மட்டும் தவறு காட்டினால் அதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். பழைய ரேம் வாங்கும்போதே சோதித்துப் பார்க்க அவகாசம் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். தனியாக இரண்டும் தேறி, சேர்ந்தால் மட்டும் தவறு வருகிறதா? அடுத்த ஸ்லாட்டையும் தனியாகச் சோதியுங்கள். அதுவும் சரியென்றால் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) நிறுத்தி, வேகத்தை ஒரு படி குறைத்து, மறுபடி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். அப்போதும் தவறு வந்தால் அந்த இரண்டும் சேராது. ஒன்றை விற்றுவிட்டு மற்றதற்கு வேறு ஜோடி தேடுங்கள்.